சோடாக் கடையில் முடிவான குஸ்தி

நம் காலத்தில் எல்லாம் நிஜம், இப்போதுதான் எல்லாம் வேஷம் என்று நீங்கள் ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன், தெரியும் அல்லவா? போன வாரம் பார்க்கில் உங்களில் ஒருவர், பேரன் டெலிவிஷனில் பார்க்கிற குஸ்தியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "இவன்கள் எல்லாம் பேசிவைத்துக்கொண்டு விழுகிறான்கள். நம் நாளில் பயில்வான் என்றால் பயில்வான்" என்றார். கூட இருந்த கிழங்கள் அத்தனையும் தலையை ஆட்டின. நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன். நம் நாளிலும் பேசிவைத்துக்கொண்டுதான் விழுந்தார்கள். பேசிவைத்த இடம் எங்கள் நைனாவின் சோடாக் கடை. விழுந்தவர் என் தாய்மாமன்.

மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்டு, தியாகராய நகர் என்று பேரும் வைத்து, வீடுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக முளைத்துக்கொண்டிருந்த சமயம். நான் பாவாடை கட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிற பெண். வெற்று மனைகளில் கோடை வந்தால் குஸ்திக் கொட்டகை போடுவார்கள். அதற்கு நோட்டீஸ் கொடுக்க ஒரு மாட்டு வண்டி மயிலாப்பூர் வரைக்கும் வரும். வண்டிக்குள் ஒருவன் பேண்டு அடிப்பான், ஒருவன் ரோஸ் நிறக் காகிதத்தை வாரி இறைப்பான். நாங்கள் பின்னாலேயே ஓடிப் பொறுக்குவோம். ஈர விரலில் அந்தச் சாயம் ஒட்டிக்கொள்ளும். அதை உதட்டில் தடவிக்கொண்டு அம்மாவிடம் உதை வாங்கியது உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ.

எங்கள் கடை மயிலாப்பூர்க் குளத்தங்கரையிலிருந்து கடலுக்குப் போகிற சாலையில், குப்பத்துக்குத் திரும்புகிற முனையில் இருந்தது. நைனா மிஷின் சக்கரத்தைச் சுற்றும்போது பாட்டில்கள் தலைகீழாகப் புரண்டு களக் களக் என்று சத்தம் போடும். இஞ்சிச் சாறும் நனைந்த வைக்கோலும் கலந்த ஒரு வாடை எந்நேரமும் அங்கே இருக்கும். நைனா, அதாவது என் அப்பா, கடற்கரைக்காரர் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்து என் அம்மாவைக் கட்டிக்கொண்டு குப்பத்தோடு தங்கிவிட்டவர். அம்மா மீன் கூடை சுமந்தாள். அம்மாவின் தம்பிதான் மாமா. அவருக்குக் காலையில் கட்டுமரம், கோடையில் குஸ்தி. இரண்டு காதும் நசுங்கி வற்றல் மாதிரி இருக்கும். விளக்கெண்ணெயும் உப்பும் கலந்து மணக்கும் அந்தக் கையில் நான் தொங்கினால் பேச்சை நிறுத்தாமல் என்னையும் தூக்கிக்கொண்டு நடப்பார். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தார்.

கடையில் நிற்கிறவர்கள் பலர், பேசுகிறவர்கள் மூன்று பேர். நைனா ஒருவர். வண்டியை எதிரே நிறுத்திவிட்டுக் குதிரைக்குப் புல்லையும் தனக்குச் சோடாவையும் வாங்கிக்கொள்ளும் ஜட்கா பாய் ஒருவர். மூன்றாவது, மாடவீதியிலிருந்து வருகிற வக்கீல் குமாஸ்தா. அவர் உட்கார மாட்டார். குடையைக் கக்கத்தில் இடுக்கி, சோடாவை வாய் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டுச் சாயங்காலம் முழுக்க நிற்பார். எங்கள் பெஞ்சில்தான் தீட்டு, எங்கள் பேச்சில் இல்லை.

எந்தப் பயில்வானுக்குக் கூட்டம் வரும் என்பதுதான் தீராத வழக்கு. ஆளுக்கொரு தராசு வைத்திருந்தார்கள்.

"என் குதுரயக் கேளு நைனா" என்பார் பாய். "பஞ்சாப் பயில்வான் பேரு நோட்டீஸ்ல கீதுன்னா, தேனாம்பேட்ட தாண்டறதுக்குள்ள அதுக்கு நொர தள்ளிடும். அவ்ளோ சவாரி."

"சவாரி வர்றவன் குந்திக்கினு பாத்துட்டுப் பூடுவான் பாய். என் மச்சான் புடிக்கிற அன்னிக்குத்தான் அவனவன் கத்திக் கத்தித் தொண்ட வறண்டு சோடா கேக்கறான். பாட்டிலு பொய் சொல்லாது" என்பார் நைனா.

குமாஸ்தா இருவரையும் பரிதாபமாகப் பார்ப்பார். "கொட்டாய்க்கு வந்தவாளை எண்ணி என்னய்யா பிரயோஜனம்? வராதவா கேக்கணும். எங்க வக்கீலாத்து மாமி ஜன்னல்கிட்ட நின்னுண்டு, 'நேத்திக்கு அந்தக் குப்பத்துப் பையன் ஜெயிச்சானா'ன்னு எங்கிட்டக் கேட்டா. அதுதான் பேரு."

சீமைப் பயில்வான் என்று ஒருவன் அந்தக் கோடையில் புதிதாக வந்திருந்தான். நோட்டீஸில் அவன் ஏதோ பனி விழும் தேசத்துக்காரன் என்று போட்டிருந்தது. பாய் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னா சீமை? பெரம்பூர் ரயில்வே லைன்ல பாத்துக்கீறேன் இவன. இட்லி துன்னுக்கினு இருந்தான்." ஆனாலும் ஆள் பனைமரம் போல இருந்தான், கூட்டம் அவனை வைய வந்தது. வைய வருகிறவனும் டிக்கெட் வாங்கித்தானே உள்ளே வருகிறான் என்று குமாஸ்தா சட்டம் பேசினார்.

இதெல்லாம் பேசிவைத்த குஸ்தி என்பது மூவருக்கும் தெரியும். அது தெரியும் என்பதில்தான் அவர்களுக்குப் பெருமையே. யார் ஜெயிப்பான் என்று ஊர் கேட்கும். யார் ஜெயித்தால் நல்லது என்று இவர்கள் கேட்பார்கள். ஏதோ லாட் துரை கவுன்சிலில் உட்கார்ந்து ராஜ்யத்தை நடத்துகிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். மாமாவின் ஜெயங்களிலும் சிலது கொட்டகை நடத்துகிற கான்ட்ராக்டர் சொல்லி வந்தது என்று நைனா சிரித்துக்கொண்டே சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மாமா சிரிக்க மாட்டார். அக்காள் புருஷனான நைனாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். "தள்ளாட சொல்லுவாரு மாமா, தள்ளாடுவேன். முதுவு மட்டும் குடுத்ததில்ல" என்பார்.

அந்த முதுகுக்கு ஒரு காரணம் இருந்தது. குப்பத்து மாதா கோயில் திருநாளில் சப்பரம் புறப்படும்போது முன் வலது கொம்பைத் தோளில் வாங்குகிறவன், முதுகில் மண் படாத பயில்வானாக இருக்க வேண்டும். முதல் தோள் என்போம். அது வேண்டும் என்கிறவன் குப்பத்து மணலில் இறங்கி அவனைச் சாய்த்து வாங்கிக்கொள்ளலாம். அவன் தோள் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். சப்பரம் முதலில் நிற்பதும் அவன் வாசலில்தான். மாமாவுக்கு மீசை முளைத்த நாளிலிருந்து அது எங்கள் வாசல். மெழுகுவத்திப் புகையும் மல்லிகையும் உப்பு மிளகுத் தட்டுமாக ஊரே எங்கள் குடிசை முன்னால் முட்டி போட்டிருக்கும்போது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க மீன் கூடையைத் தொடாமல் விலை பேசுகிறவர்கள் முன்னால் குனிந்து நிற்கிறவள், அன்று ஒரு நாள் நிமிர்ந்திருப்பாள்.

கான்ட்ராக்டர் ஒரு நாள் எங்கள் கடைக்கே வந்தார். மல் ஜிப்பா, விரலில் பச்சைக்கல் மோதிரம். இஞ்சிச் சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு ரொம்ப நேரம் இவர்கள் வழக்கைக் கேட்டார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி இவர்கள் மூவரும் மாறி மாறிப் பேசினார்கள். கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உங்காளு சீமைக்காரன்கிட்ட தோத்துட்டான்னு வெச்சுக்கோ. நீங்க மறுபடி வருவீங்களா?"

"ஊரே வரும்" என்றார் குமாஸ்தா. அவர் கண்கள் பளபளத்தன. "அதைத்தான் நான் சொல்லிண்டே இருக்கேன். ஜெயிச்சுண்டே இருக்கறவன்கிட்ட ஜனங்களுக்கு என்ன வேலை? ஒரு தடவை விழணும். ஜனங்க அழுதுண்டு ஆத்துக்குப் போகணும். அப்பறம் மறு குஸ்தின்னு நோட்டீஸ் போடுங்கோ, மாம்பலம் தாங்காது."

பாய் தன் குதிரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "இன்னொரு குதுர வாங்கணும் போல கீது."

"மறு குஸ்தில நம்ம ஆளு ஜெயிக்கணும். அது பேச்சு" என்றார் நைனா. கான்ட்ராக்டர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "பின்னே?" என்றார். அதை வாக்கு என்று நைனா எடுத்துக்கொண்டார். அந்த ஒற்றைச் சொல்லை இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன். அதில் வாக்கு எங்கே இருக்கிறது?

மாமா ஒப்பவே இல்லை. நாள் கணக்காக நடந்தது அந்தப் பேச்சு. கடையில் குமாஸ்தா விளக்குவார், வீட்டில் நைனா கெஞ்சுவார்.

"அது கொட்டாய் மச்சான். நாடகம். உங்க குப்பத்து மணலு வேற, அந்த மண்ணு வேற."

"முதுவுக்கு எந்த மண்ணுன்னு தெரியாது மாமா."

"அதுக்கு அப்பறம் நீ எவ்ளோ பெரிய ஆளா ஆவப்போறே தெரியுமா? சீமைக்காரன அடிச்சவன்னு கல்கத்தா வரிக்கும் பேரு போவும்."

மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "இன்னாய்யா இது, உன் முதுவா அது? ஊரான் ஊட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு ஊத்திக்கினே கீறே! மூணு பேருல ஒருத்தனாச்சும் ஒரு நாளு மண்ணுல எறங்கிக்கீறீங்களா?"

"உனக்கு இன்னா தெரியும் இதெல்லாம்" என்றார் நைனா. அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. குப்பத்தில் பிறந்தவள் அவள். ஆனால் குஸ்தியில் பெண்பிள்ளை அபிப்பிராயம் யாருக்கு வேண்டும்? அக்காள் புருஷன் வாய்விட்டுக் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழகாத மாமா, கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, "மறு குஸ்தி திருநாளுக்கு முன்னாடி வெக்கச் சொல்லு மாமா" என்றார். கான்ட்ராக்டரிடம் நைனா அதைச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். அவர் இன்னொரு தடவை "பின்னே?" என்றிருப்பார்.

குஸ்தி அன்றைக்கு ஜட்காவில் நானும் போனேன். ஏரி தூர்த்த மண் அல்லவா, மிதித்தால் அமுங்கும். கொட்டகை நடுவில் மண்ணைக் கொத்தி, எண்ணெயும் மஞ்சளும் விட்டுப் பிசைந்து கோதா அமைத்திருந்தார்கள். கியாஸ் விளக்கு உஸ்ஸென்று இரைந்தது. குப்பத்து ஆட்கள் தரை டிக்கெட்டில் மொத்தமாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா உள்ளே வந்ததும் அவர்கள் எழுப்பிய ஓசையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

நெடுநேரம் பிடித்தார்கள். ஒரு கட்டத்தில் சீமைக்காரனை மாமா இடுப்போடு தூக்கிவிட்டார், அவன் கால் அந்தரத்தில் அடித்துக்கொண்டது. அப்போதே போட்டிருக்கலாம். மெதுவாக இறக்கிவிட்டார். பிறகு அவன் தோளைப் பிடித்து அழுத்த, மாமா மல்லாந்தார். நான் நன்றாகப் பார்த்தேன். பாயில் படுக்கிற மனுஷன் முதலில் கையை ஊன்றி, பிறகு முதுகைச் சாய்ப்பானே, அப்படி. கொட்டகையில் ஒரு ஓலம் எழுந்தது. குப்பத்துக்காரர்கள் பக்கத்திலிருந்து மட்டும் ஒரு சத்தமும் இல்லை.

நைனா என் பக்கத்தில் தொடையைத் தட்டிக்கொண்டார். "பாத்தியா, பாத்தியா, எவ்ளோ பேரு அழுறாங்க பாரு!" குமாஸ்தா கையைத் தேய்த்துக்கொண்டு, "நான் சொன்னேனோல்லியோ" என்றார். மனப்பாடம் பண்ணிய பாட்டைப் பாடகர் சரியாகப் பாடி முடித்த திருப்தி அவர்கள் முகத்தில். எனக்கு அழுகையாக வந்தது. ஏன் அழுகிறாய், அடுத்த தடவை ஜெயிக்கப்போகிறார் என்று நைனா எனக்கு ஒரு கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். அதையும் குடித்தேன். வீட்டில் அம்மா கிணற்றடியில் வைத்து மாமாவின் முதுகைத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் கலந்த மண் சுலபத்தில் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு நோட்டீஸ் வண்டி வந்தது. நான்தான் முதலில் ஓடினேன். காகிதத்தில் சீமைப் பயில்வான் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது, எதிரே கல்கத்தாப் பயில்வான். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன். மாமா பேர் இல்லை. அடுத்த வண்டியிலும் இல்லை. நைனா கான்ட்ராக்டரைத் தேடிப் போனார். அவர் மறைக்காமல் சொல்லிவிட்டாராம்: "முன்னே உங்காளுக்காக வந்தாங்க. இப்ப உங்காளத் தோக்கடிச்சவனப் பாக்க வர்றாங்க. கூட்டம் கை மாறிடுச்சு. அத நான் எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்?"

கடையில் வந்து நைனா அதைச் சொன்னார். அநியாயம் என்று ஒருவராவது சொல்வார் என்று பார்த்தேன். "யோசிச்சுப் பார்த்தா அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. உங்காளுக்கு இருந்த கூட்டம் போச்சு, போனது போச்சு" என்றார் குமாஸ்தா. பாயும் தயங்கித் தயங்கி, சீமைக்காரனுக்கு இப்போது சவாரி ஜாஸ்திதான் என்று ஒப்புக்கொண்டார். உடனே வழக்கு ஆரம்பித்துவிட்டது. மறு குஸ்தியைத் தள்ளிப்போட்டால் கூட்டம் கூடுமா குறையுமா? மாமா உள்ளே மூட்டையில் சாய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அவர் அங்கே இருப்பது ஒருவர் நினைப்பிலும் இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? திருநாளுக்குக் கொடி ஏறியதும் குப்பத்துப் பெரியவர் மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். பட்டப்பகல். வலை காய்கிற மணலில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் தள்ளி நின்றோம்.

"உன் முதுவுல மண்ணு பட்டுச்சா இல்லியா?"

"பட்டுச்சு" என்றார் மாமா.

அதோடு விட்டிருந்தால் அந்த வருஷத்துத் தோள் மட்டும் போயிருக்கும். அடுத்த வருஷம் மணலில் இறங்கி மீட்டிருக்கலாம், அப்படி மீட்டவர்கள் உண்டு. நைனாவால் விட முடியவில்லை. கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றார். விஷயம் தெரிந்தவர் அல்லவா?

"அய்ய, இன்னா நீங்க ஒண்ணும் தெரியாம பேசிக்கினு! அது பேசி வெச்ச குஸ்திங்க. அவன் தோக்கலே, தோக்கச் சொன்னாங்க. எங்க கடைலதான் பேசினாங்க. நான் சாட்சி!"

பெரியவர் நைனாவை ஏற இறங்கப் பார்த்தார். அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அப்போ கொட்டாய்ல அதுக்கு மின்னாடி ஜெயிச்சதெல்லாம்?"

நைனா மாமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கொட்டாய்லயே ஜெயிக்கிறவன்னுதான் இத்தினி வருசமா மணல்ல இவன் எதுர ஒருத்தனும் எறங்கலே. அப்போ இத்தினி வருசமா மாதாவத் தூக்குனது நாடகக்காரன் தோளா?"

மாமா எழுந்தார். மேல் துண்டை உதறிப் போட்டுவிட்டு மணலின் நடுவில் போய் நின்றார். "இப்ப வாங்க. யாரு வேணும்னாலும் வாங்க. ஒருத்தன் பின்னாடி ஒருத்தனா வாங்க." அவருடைய குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவனும் அசையவில்லை.

"உங்கூட யாரு புடிப்பா?" என்றார் பெரியவர். "நீ ஜெயிச்சா அவன் காசு வாங்கிக்கினான்னு பேசுவாங்க. நீ தோத்தா உட்டுக் குடுத்தேன்னு உங்க மாமா வந்து சாட்சி சொல்லுவாரு. போப்பா, துண்ட எடுத்துக்கோ."

அந்தத் திருநாளில் சப்பரம் எங்கள் வாசலில் நிற்கவில்லை. முதலில் மட்டும் அல்ல, எத்தனையாவதாகவும் நிற்கவில்லை. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். திருநாளன்று குப்பத்தில் யாரும் கடலில் இறங்குவதில்லை. மாமா மட்டும் விடியலில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். பாவம் என்று தெரிந்தே போனார்.

அதற்குப் பிறகு குப்பத்தில் அவருக்கு என்ன இருந்தது? துடுப்புப் போட அவரோடு ஒருவனும் வரவில்லை. கான்ட்ராக்டரிடமே போய் நின்றார். வெளியூர்க் கொட்டகைகளுக்கு அவரைக் கூட்டிப் போனார்கள். அந்தந்த ஊருக்கு வருகிற புதுப் பயில்வானிடம் தோற்கிற வேலை. மயிலாப்பூர்ப் பயில்வானையே சாய்த்தவன் என்று புதியவனுக்குப் பேர் வரும் அல்லவா? நம் காலத்துப் பயில்வான்கள் என்று சொன்னீர்களே, அவர்களில் பாதிப் பேருடைய பேர் என் மாமன் முதுகில் எழுதியதுதான்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், எழும்பூரிலிருந்து பாய் அவரை ஜட்காவில் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினார். எங்கோ தெற்கே ஒரு கொட்டகையில் தலைகுப்புற விழுந்துவிட்டாராம். கழுத்துத் திரும்பவில்லை. என்னைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்பினார். வலது கை சும்மா தொங்கியது. அம்மா கூடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குமாஸ்தாவும் குடையோடு நின்றிருந்தார்.

நைனா அவரைப் பெஞ்சில் மெதுவாகச் சாய்த்து உட்காரவைத்தார். கோலியை அழுத்தி உடைத்துத் தன் கையாலேயே ஒரு வாய் புகட்டினார். நைனாவுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு கேட்டார், ரொம்ப ஆசையாக:

"கூட்டம் எப்டி மச்சான்?"

"நெறையத்தான் வர்றாங்க மாமா. நான் எப்டி வுழறேன்னு பாக்க வர்றாங்க. எய்ந்துக்கறதுக்குள்ள பூடறாங்க."

நைனாவின் முகம் மலர்ந்துவிட்டது. சடாரென்று குமாஸ்தா பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கினீங்களா சாமி? நீங்க போச்சு போச்சுன்னீங்களே! நம்ம ஆளுக்கு இன்னும் கூட்டம் கீது!"